ஆத்தப்பன் கொடுத்த புகார்

ஆத்தப்பனை நல்ல மனுஷன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் அவனை எடுத்துக்கொண்டு போனபோது வளவே கூடி நின்று அதைத்தான் சொன்னது. "அதிர்ந்து ஒரு பேச்சுப் பேச மாட்டாருங்க" என்றார்கள். "அடுத்தவங்க மனசு நோக ஒரு சொல்லுச் சொன்னதில்லீங்க" என்றார்கள். சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு ஆளின் மனசு நோக, முகத்துக்கு நேராக, பட்டென்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்பதற்கு இவர்கள் வைத்த பேர் நல்ல மனுஷன். நான் அங்கே ஒன்றும் பேசவில்லை. பேசினால் சண்டையாகிவிடும், பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை எதற்கு என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் பேர் சனாவுல்லா. பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணியை வாங்கி விற்பது என் தொழில். திருப்பூரில் நொய்யலுக்குத் தெற்கே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் கட்டி வாடகைக்கு விட்ட வளவு ஒன்றில் குடியிருந்தோம். எனக்கும் ஆத்தப்பனுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். சேவூர்ப் பக்கம் அவனுக்கு வானம் பார்த்த பூமி கொஞ்சம் இருந்தது. மழை ஏமாற்றிக்கொண்டே இருந்ததால் அதை அப்படியே போட்டுவிட்டு, பெண்டாட்டி மருதாளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஐம்பத்தேழு வாக்கில் இங்கே வந்து சேர்ந்தான். இரண்டு பேருக்கும் சலவைப் பட்டறையில் வேலை கிடைத்தது. நெய்து வந்த துணியைத் தொட்டியில் ஊறப்போட்டு பிளீச்சிங் பவுடரில் வெளுப்பது அவன் வேலை. வெளுத்ததைக் காட்டில் காயப்போட்டு எடுப்பது மருதாள் வேலை. அந்தத் தொட்டிப் பக்கம் சித்த நேரம் நின்றால் எனக்குக் கண்ணில் நீர் ஊற்றும். அவன் அதிலேயே நாள் முழுக்க நின்றான். விரலிடுக்கெல்லாம் புண். "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டால், "நல்லாருக்கறனுங்க பாய்" என்பான்.

அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ஐப்பசியில் என் துணி மூட்டைகளை வாசலில் அடுக்கிவிட்டேன். மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி அவன் வீட்டுக்குள் புகுந்து, விறகெல்லாம் நனைந்துபோனது. தப்பு முழுக்க என்னுடையது. ஆனாலும் நான் மூட்டையை எடுக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆத்தப்பன் வந்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"தப்பு எம்மேலதானுங்க பாய். மழை வரும்னு தெரியும், வெறகை மேல தூக்கி வெச்சிருக்கோணும். நான்தான் அசந்துட்டனுங்க."

அதற்கு மேல் முறுக்க முடியுமா? "அட நீ வேற! தப்பு என்னுதுப்பா" என்று எழுந்து மூட்டைகளை நானே நகர்த்தினேன். என் வீட்டுக்காரி ஜுபைதா காய்ந்த விறகு ஒரு கட்டு கொடுத்தனுப்பினாள். விஷயம் முடிந்தது.

அவர்கள் பக்கத்து வழக்கமே அது. ஊர் நியாயத்தில் இரண்டு தரப்பும் வந்து உட்கார்ந்தால், நியாயம் யார் பக்கமோ அவர்தான் முதலில் எழுந்து "எங்க மேலயும் தப்பு இருக்குதுங்க" என்பார். எதிராளி சும்மா இருக்கமாட்டார். "அதெப்படிங்க, தப்பு எங்களுதுதானுங்க" என்று அவரும் எழுந்துவிடுவார். அப்புறம் பேச்சு சுலபம். நானும் இந்த மண்ணில் பிறந்தவன், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் குணத்துக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

அறுபத்து மூன்றில் ஒரு நாள் காலையில், துணி காயப்போடும் காட்டில் மருதாள் காலில் ஆணி ஏறியது. கயிறு கட்டுகிற முளையிலிருந்து விழுந்த துருப்பிடித்த ஆணி. சாணியும் சேறுமாகக் கிடந்த இடம். ஆத்தப்பன் தொட்டியிலிருந்து அப்படியே ஓடிவந்து அவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. பெயரை எழுதி இப்போது யாருக்கு என்ன ஆகப்போகிறது.

டாக்டர் இல்லை. ஏதோ கம்பெனியில் புது மிஷினுக்குப் பூஜை, அதற்குப் போயிருந்தார். கம்பவுண்டர் சென்னியப்பன் காயத்தைக் கழுவி டிஞ்சர் வைத்தார். "துரு ஆணிங்க, ஒடம்பு வெறைச்சுக்காம இருக்க ஜன்னி ஊசி ஒண்ணு போட்டாகோணுங்க. ஆனா டாக்டர் எழுதாம நான் போடக்கூடாதுங்க" என்று பெஞ்சில் உட்காரவைத்தார். பொழுது சாயும்போது டாக்டர் சந்தனமும் மாலையுமாக வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். ஆத்தப்பன் கும்பிட்டுக்கொண்டு போய் நின்றான்.

"கால்ல ஆணி குத்துனதுக்கெல்லாம் டாக்டரா? செத்தா போயிடுவா? போய்யா, எல்லாரும் நாளைக்கு வாங்க!"

ஆத்தப்பன் காலில் விழுந்தான். ஆமாம், விழுந்தான். டாக்டர் தாண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் மருதாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி போனான். டாக்டர் கோயமுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். சென்னியப்பன் மறுபடியும் டிஞ்சர் வைத்து அனுப்பினார். காயம் மேலே மூடிக்கொண்டது. வலியும் விட்டுப்போனது. "அவ்வளவுதாங்கக்கா, சரியாப்போச்சு" என்று மருதாள் ஜுபைதாவிடம் சிரித்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

ஒரு வாரம் கழித்து, சோறு உண்ண வாய் திறக்கவில்லை என்றாள். அப்புறம் கழுத்து இறுகியது, முதுகு வில்லாக வளைந்தது. விளக்கு வெளிச்சம் பட்டாலே அவள் உடம்பு துள்ளியது. எத்தனை வருஷமாயிற்று, ஜுபைதா இன்னும் அதைப் பற்றிப் பேசமாட்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். கொமரலிங்கத்திலிருந்து மருதாளின் அண்ணன் லிங்கசாமியும் வந்துவிட்டான். ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைகிற நிலம் வைத்திருக்கிற ஆள், தங்கச்சி மேல் உயிர். அவன் முன்னாலே டாக்டர் கத்தினார்.

"ஏன்யா, ஆணி குத்தினா ஒரு வாரம் வீட்டுலயே வெச்சுட்டுக் கிடப்பீங்களா? அன்னைக்கே கொண்டாந்திருந்தா ஒரு ஊசியில போயிருக்கும். மாட்டுக்குன்னாக்கூட ஓடிவருவீங்க!"

லிங்கசாமி திரும்பி ஆத்தப்பனைப் பார்த்தான். ஆத்தப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பெண்டாட்டி உயிர் அந்த டாக்டர் கையில் இருக்கும்போது எதிர்த்து எப்படிப் பேசுவது என்று பயம். அதை மட்டும் என்னால் குற்றம் சொல்ல முடியாது. மருதாள் மறுநாளே போய்விட்டாள்.

காரியம் முடிந்த கையோடு லிங்கசாமி குழந்தையைத் தூக்கிக்கொண்டான். ரங்காத்தாளுக்கு அப்போது ஆறு முடிந்து ஏழு. ஆத்தப்பன் நடந்ததைச் சொல்லத்தான் சொன்னான். லிங்கசாமி நம்பவில்லை.

"டாக்டர் ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. ஒரு நாள் கூலி போயிருமின்னு எந்தங்கச்சியச் சாக உட்டுட்டீங்க மாப்ளெ. புள்ளையையும் உங்ககிட்ட உட்டுப்போட்டு நான் எப்படித் தூங்கறது? அன்னிக்கே கூட்டிட்டுப் போனீங்கன்னு அந்த ஆஸ்பத்திரிக்காரங்க வாயால ஒரு காயிதம் வாங்கியாங்க. அப்பறம் புள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

அப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளையை எடுத்துப்போக இவன் யார் என்று நான் எகிறினேன். ஆத்தப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "உடுங்க பாய். தங்கச்சியப் பறிகுடுத்த வெசனம், பேசறாரு" என்றான். தன் பெண்டாட்டி செத்ததை மறந்துவிட்டானா என்று எனக்குத் தோன்றியது. ரங்காத்தாள் மாமன் தோளிலிருந்து தன் ஐயனை, பெற்ற அப்பனை, பார்த்துக்கொண்டே போனாள்.

அப்படித்தான் புகார் எழுதினோம். எழுதியது நான். ஒரு பக்கம் முழுக்க அந்த டாக்டரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். படித்துக் காட்டினால் ஆத்தப்பன் நெளிகிறான்.

"ஈவு இரக்கமத்த அரக்கன்னெல்லாம் வேண்டாமுங்க பாய். அவருக்கும் புள்ளகுட்டி இருக்குமுங்க. வேலைகீலை போயிரப்போகுது."

"போகட்டுமே! உம் பெண்டாட்டி போனாளே!"

"அவரு வேலை போனா எம்புள்ள வருமுங்களா? அன்னிக்கே வந்தோமுன்னு ஒத்துக்கிட்டாப் போதுங்க. வேறொண்ணும் எனக்கு வேண்டாமுங்க."

திட்டியதையெல்லாம் அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் திருப்பி எழுதி, கோயமுத்தூரில் இருந்த மேலதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். பதில் இல்லை. மறுபடி அனுப்பினோம். நான் நேரில் போய் அந்த ஆபீஸ் வராந்தாவில் கால் கடுக்க நின்றேன். அதற்குள் பொங்கல் வந்து போனது, சித்திரையும் வந்தது. ஆத்தப்பன் சம்பளம் வாங்கிய மறுநாள் தவறாமல் கொமரலிங்கத்துக்கு பஸ் ஏறுவான். வாசலிலேயே நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவான். லிங்கசாமி "வாங்க" என்று சொல்வதில்லை. வாசலுக்கு வந்தவனை, அதுவும் தங்கச்சி புருஷனை, வாங்க என்று சொல்லாமல் விடுவதென்றால் எங்கள் சீமையில் அது செருப்படிக்குச் சமம். ஆத்தப்பன் அதையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

கடைசியில் விசாரணைக்கு நாள் குறித்துத் தபால் வந்தது. அந்த ஆஸ்பத்திரியிலேயே, ஆபீஸ் ரூமில் விசாரணை. அதற்கு முன்னால் நான் சென்னியப்பனைப் போய்ப் பார்த்தேன். அந்த ஆள் ரொம்ப யோசித்தார். பிறகு, "நானாப் போய்ச் சொன்னா எம்பொழப்பு போயிருமுங்க. கூப்புட்டுக் கேட்டாங்கன்னா, ரெண்டு நாளும் வந்தாங்கன்னு சத்தியமாச் சொல்லிப்போடறனுங்க" என்றார். எனக்கு அன்று ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்தது. ஆத்தப்பன் பிள்ளைக்கென்று புதுப் பாவாடை வாங்கி வைத்துவிட்டான்.

மேலதிகாரி கெட்டவர் இல்லை. வயசானவர், மெதுவாகப் பேசினார். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஆத்தப்பன் மேஜைக்கு முன்னால் நின்றான். நான் வாசற்படியில். சென்னியப்பன் வெளியே பெஞ்சில், கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்.

"பயப்படாமச் சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றார் மேலதிகாரி.

ஆத்தப்பன் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டான். அடப்பாவி, இங்கேயுமா என்று நினைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"எங்க மேலயும் தப்பு இருக்குதுங்க. டாக்டருக்கு அன்னிக்கு ஆயிரம் சோலிங்க. நாங்க இன்னும் சித்த நேரம் பொறுத்து இருந்து பாத்திருக்கோணுங்க. இருக்காம ஊட்டுக்கு வந்துட்டோமுங்க."

சொல்லிவிட்டு நிறுத்தினான். டாக்டர் முகத்தைப் பார்த்தான். அவர் இப்போது எழுந்து, "அதில்லைங்க, தப்பு எங்களுது, அன்னைக்கே ஊசி போட்டிருக்கணும்" என்று சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றான். சத்தியமாக அதற்குத்தான் நின்றான். அவர் வெளியூர்க்காரர், படித்தவர், இந்த வழக்கம் அவருக்கு எங்கே தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பி மாட்டிக்கொண்டார். மேலதிகாரியின் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, எழுதாதீங்க! அவன் சொல்றது அப்படியில்லை! காலைலருந்து பொழுது சாயற வரைக்கும் கெடந்தாங்க, இந்த ஆளுதான் தொரத்துனாரு!" என்று கத்தினேன்.

"நீங்க யாரு?"

"பக்கத்து ஊட்டுக்காரனுங்க."

"புகார் கொடுத்தவர் பேசிட்டிருக்கார். வெளியே இருங்க."

நான் போகவில்லை. பியூன் வந்து தோளைப் பிடித்துத் தள்ளினான். தள்ளிக்கொண்டு போகும்போதே உள்ளே பேச்சு என் காதில் விழுந்தது.

"அப்போ, டாக்டர் ஊசி போடறதுக்கு முன்னாடி நீங்களாத்தான் கிளம்பிப் போயிட்டீங்க?"

"அது வந்துங்க... அப்படியில்லீங்க..."

"இப்பத்தானே ஊட்டுக்கு வந்துட்டோம்னு சொன்னீங்க?"

"சொன்னனுங்க" என்றான் ஆத்தப்பன்.

சென்னியப்பனை யாரும் கூப்பிடவில்லை. அவரும் எழுந்து உள்ளே போகவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தவனை நான் திட்டிய திட்டு இங்கே எழுதத் தகாது. அவன் ஆஸ்பத்திரிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவரும் ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தனுங்க பாய்" என்றான். எனக்கு அழுகைதான் வந்தது.

உத்தரவு ஆடியில் வந்தது. சிகிச்சைக்குக் காத்திராமல் தாமே நோயாளியை அழைத்துச் சென்றதாக மனுதாரரே ஒப்புக்கொண்டபடியால் புகார் தள்ளுபடி. மேலே எழுதிப் போட்டேன். "மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்று அதே வரி திரும்பி வந்தது. கிழித்துப் போடு, கொமரலிங்கத்துக்காரனுக்கு எதற்குக் காட்டுகிறாய் என்று ஆத்தப்பனிடம் சொன்னேன்.

"காயிதம் வந்தாக் கொண்டாறேன்னு வாக்குக் குடுத்துட்டனுங்க. அதுவுமில்லாம மச்சானுக்குத் தெரியாதுங்களா பாய், நம்ம பக்கம் எப்படிப் பேசுவாங்கன்னு? அவரே எத்தனை நியாயத்துல உக்காந்திருக்காரு. சொன்னாப் புரிஞ்சுக்குவாருங்க."

அதில் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கூடவே போனேன். உடுமலையில் பஸ் மாறி இறங்கினால் இரு புறமும் பச்சை வயல். ஆத்தப்பன் அந்தப் பாவாடையைப் பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டே வந்தான்.

லிங்கசாமி உத்தரவை ஊர் வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டான். ஆத்தப்பன் மெதுவாக எல்லாம் சொன்னான். எப்படி ஆரம்பித்தான், ஏன் அப்படி ஆரம்பித்தான் என்று சொன்னான். லிங்கசாமி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான்.

"நானும் இந்தப் பக்கத்து ஆளுதான் மாப்ளெ. எங்க மேலயும் தப்புங்கறது எனக்குத் தெரியாதா? வரப்புத் தகராறுல சொல்லலாம். மாடு மேஞ்சதுக்குச் சொல்லலாம். பொண்டாட்டி செத்ததுக்கு ஒருத்தன் அப்படிச் சொல்லுவானா? உள்ளார இருந்தது வெளியே வந்துருச்சுன்னுதான் நான் நெனைப்பேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கம்பவுண்டர் சாட்சிக்கு இருக்காருய்யா, வந்து கேளு!" என்றேன். "அவரு ஏன் அங்க சொல்லலீங்க பாய்?" என்று லிங்கசாமி கேட்டான்.

பேச்சுச் சத்தம் கேட்டு ரங்காத்தாள் வெளியே வந்தாள். வளர்ந்திருந்தாள், மருதாளின் கண் அப்படியே இருந்தது. ஆத்தப்பன் பையிலிருந்து பாவாடையை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"ஏனுங்கய்யா, ஊசி போடறதுக்குள்ள அம்மாவ நீங்களே ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டீங்களாமா?"

"இல்லெ!" என்று ஆத்தப்பன் கத்தினான். "தொரத்தி உட்டான்! நாயை முடுக்கற மாதிரி முடுக்கி உட்டான் அந்தப் படுபாவி! அவங்கால்ல உளுந்தேன்! தாண்டிட்டுப் போனான்! செத்தா போயிருவான்னு கேட்டான்! கொன்னுட்டான், உங்கம்மாவ அவன்தான் கொன்னுட்டான்!"

அந்த ஆபீஸ் ரூமில் சொல்ல வேண்டியது அத்தனையும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. கழுத்து நரம்பு புடைத்து, வாயோரம் எச்சில் தெறிக்க, கையில் பாவாடையை முறுக்கிக்கொண்டு, குழந்தையின் முகத்துக்கு நேராகக் கத்தினான். ஏழெட்டு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்த நானே அவன் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. அவள் எங்கே கேட்டிருக்கப் போகிறாள்?

ரங்காத்தாள் வீலென்று அலறிக்கொண்டு ஓடினாள். லிங்கசாமியின் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்து அவன் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"மாமா, எனக்குப் பயமாருக்குது. ஐயனைப் போகச் சொல்லுங்க மாமா."

ஆத்தப்பன் அப்படியே அடங்கிப்போனான். மூச்சு மட்டும் இரைத்தது. பாவாடையை உதறி, மடிப்பு கலையாமல் மடித்து, படியில் வைத்தான். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"போறனுங்க கண்ணு" என்றான்.